டெலிகிராமில் சேர்த்த 4,000 கோப்புகளை விற்கலாமா? பயிற்றித் தொகுப்பு விற்பனை பற்றி விரிவான பதில்

கேள்வி இது. கெடாவின் பீடோங்கில் தனியார் பாலர் பள்ளியில் வேலை செய்யும் டீச்சர் ஒருவர், டெலிகிராம் குழுக்களிலும் வாட்சாப்பிலும் வந்த பயிற்றிகள் (பயிற்சித் தாள்கள்), பட அட்டைகள், நாள் பாடத்திட்டங்கள் என்று ஏறக்குறைய 4,000 கோப்புகளைப் பென்டிரைவில் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றை வகை பிரித்து, "எல்லாம் சேர்த்து 10 ரிங்கிட்" என்று விற்றால் மாதாமாதம் கைக்கு ஏதாவது வருமா, எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்.

டீச்சர், அந்தக் கோப்புகளை அப்படியே விற்க முடியாது. சட்டம் ஒரு காரணம். விலை போகாது என்பது இன்னொன்று: உங்களுக்கு வந்த அதே குழுவில்தான் வாங்கப் போகிறவரும் இருக்கிறார். ஆனால் இத்தனை காலம் பார்த்துப் பார்த்து, எந்தப் பயிற்றி வகுப்பில் ஓடும், எதை வைத்தால் பிள்ளை ஐந்து நிமிடத்தில் தூக்கிப் போடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. காசு அதில் இருக்கிறது. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி, அழுக்கு, பூஞ்சணம் பார்த்துத் தரம் பிரிப்பார்களே, அதே வேலைதான் இது. ஒரே தோட்டத்துப் பால், தரத்துக்குத் தரம் விலை வேறு.

உரிமையை முதலில் பார்த்துவிடுவோம். இதில் தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண். மூன்று கோப்புறைகள் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் நீங்களே உருவாக்கியவை. இரண்டாவதில் யாரும் பயன்படுத்தலாம் என்று உறுதியாகத் தெரிந்தவை. மூன்றாவதில் மற்ற எல்லாம். பாடநூலை வருடி எடுத்த பக்கங்கள், பதிப்பகங்களின் பயிற்சி நூல்கள், மாநிலத் தேர்வுத் தாள்கள், பெயர் அழிக்கப்பட்ட இன்னொரு ஆசிரியரின் பயிற்றிகள் எல்லாம் மூன்றாவதுக்குள் போகும். 4,000இல் பெரும்பகுதி அங்கேதான் விழும். மனம் நோக வேண்டாம். அவற்றை நீங்கள் பார்த்துக் கற்கலாம், விற்கக் கூடாது. குழுவில் இலவசமாகப் பகிர்ந்தவர் விற்பனைக்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று பொருளல்ல.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் எழுத்துப் படைப்பு, அதன் ஆசிரியரின் வாழ்நாளிலும் அவர் இறந்த பின் 50 ஆண்டும் காப்பில் இருக்கும். ஆகவே ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, திருக்குறள் எல்லாம் தாராளமாக எடுக்கலாம். 1921இல் மறைந்த பாரதியின் பாடல்களும் அப்படியே. ஆனால் குறள் பொதுச் சொத்து என்பதால் அதன் கீழே அச்சிட்டிருக்கும் இக்கால உரையும் பொதுச் சொத்து ஆகிவிடாது. பொருளை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். இரட்டைக்கிளவி, இணைமொழி, மரபுத்தொடர் எவை எவை என்ற பட்டியல் ஒருவருக்குச் சொந்தமில்லை. அதற்கு ஒருவர் எழுதிய விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் அவருக்குச் சொந்தம். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, தேர்விலும் அடுக்கிலும் அறிவுழைப்பு இருந்தால் தொகுப்பையே தனிப் படைப்பாக ஏற்கிறது. நீங்கள் முறையாகத் தொகுத்ததை இன்னொருவர் அப்படியே எடுத்து விற்றால் உங்களுக்குக் கைகொடுப்பதும் அந்தப் பிரிவுதான். வேண்டுமென்றால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் உங்கள் படைப்பைத் தன்விருப்பமாகப் பதிவு செய்தும் வைக்கலாம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (படைப்பாளியே பிறர் பயன்பாட்டுக்கு முன்கூட்டித் தரும் அனுமதி) உள்ள படங்களை எடுக்கும்போது அதன் குறியெழுத்துகளைக் கவனியுங்கள். பிஒய் என்றால் படைப்பாளி பெயரைப் போட்டுவிட்டு விற்கலாம். என்சி என்று சேர்ந்திருந்தால் வணிகத்துக்கு ஆகாது. என்டி என்றால் வெட்டவோ மாற்றவோ கூடாது. எஸ்ஏ இருந்தால், அதை மாற்றிச் செய்த உங்கள் பக்கத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அதாவது வாங்கியவர் அந்தப் பக்கத்தை ஊருக்கே இலவசமாகக் கொடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் இந்த வகை. அதனால் கட்டணத் தொகுப்பில் விக்கிப் பத்திகளை ஒட்டாமல் இருப்பதே நல்லது. தகவலைப் படித்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள். சிசி0 என்று குறித்த படங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. கூகளில் தேடினால் வருகிறது என்பதற்காக ஒரு படத்தை எடுக்க அனுமதி கிடைத்துவிடாது, அது யாரோ ஒருவருடையது. கேன்வாவில் செய்வதாக இருந்தால், அங்குள்ள படத்தை மாற்றாமல் தனியாக விற்க அனுமதி இல்லை, உங்கள் வடிவமைப்பின் ஒரு பகுதியாக வரலாம். எந்தப் படம் எங்கிருந்து, எந்த உரிமம், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று ஒரு எக்செல் தாளில் வரிசையாகப் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து யாராவது கேட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

உங்கள் நிலையில் இன்னொரு சிக்கல் உண்டு, பலரும் கவனிக்காதது. வேலையின் பகுதியாக நீங்கள் தயாரித்த பயிற்றிகளின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால், முதலாளிக்குப் போகும். அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. எனவே பாலர் பள்ளிக்காகச் செய்ததை விற்கும் முன் நிர்வாகியிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள், அல்லது வீட்டில் உங்கள் நேரத்தில் புதிதாகச் செய்யுங்கள். இதைப் படிக்கிற அரசாங்கத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: பொதுச் சேவை ஊழியர் 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி வெளிவேலைக்குத் துறைத் தலைவரின் எழுத்துவழி அனுமதி வேண்டும். சொந்த வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் விற்பதை அனுமதி இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

இனி எதைத் தொகுப்பது. "ஆண்டு 1 முதல் 6 வரை, அனைத்துப் பாடங்களும்" என்று தொடங்குகிறவர்கள் பாதியிலேயே களைத்துப் போகிறார்கள். குறுக்குங்கள். ஒரு வயது, ஒரு தொல்லை. நம் பிள்ளைகளுக்கு எழுத்தில் பெரிய தொல்லை லகர ளகர ழகர வேறுபாடு. அடுத்தது ணகர நகர னகரம், பிறகு ரகர றகரம். ஆண்டு 2க்கு லகர ளகர ழகரம் மட்டும் என்று 40 பக்கம் போடலாம்: பயிற்றி 24, பட அட்டைப் பக்கம் 8, மதிப்பீடு 4, விடை 4. பயிற்றிகள் எளிதிலிருந்து கடினத்துக்கு ஏற வேண்டும். கேட்டு வட்டமிடுவது, படம் பார்த்து எழுத்தை நிரப்புவது, இணைகளைப் பிரித்தறிவது (வால், வாள், வாழ்), வாக்கியத்தில் பிழை திருத்துவது, கடைசியில் சொல்வதெழுதுதல். இந்த ஏற்றம்தான் உங்கள் தொகுப்பைக் குப்பைக் கோப்புறையிலிருந்து பிரித்துக் காட்டும்.

பாலர் பள்ளிக்கு எழுத்து அட்டை செய்தால் 247 எழுத்தையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். ஏ4 தாளுக்கு 8 அட்டை என்றால் 31 பக்கம் வரும், வெட்டவே ஒரு மாலை போகும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 அட்டை, அதாவது 4 பக்கம், முதல் தொகுப்புக்குப் போதும். உயிர்மெய்யை வரிசை வரிசையாகப் பின்னால் விடுங்கள்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் ஒரு பக்க அட்டவணை கட்டாயம். பயிற்றி எண், திறன், பக்கம், எத்தனை நிமிடம், எந்தக் கற்றல் தரம். தமிழ்ப்பள்ளிக் கலைத்திட்டத்தில் கேட்டல் பேச்சு 1, வாசிப்பு 2, எழுத்து 3, செய்யுளும் மொழியணியும் 4, இலக்கணம் 5 என்று எண் போகிறதல்லவா, அந்த எண்ணைப் போட்டால் ஆசிரியர் நாள் பாடத்திட்டத்தில் நேரே எழுதிக்கொள்வார். ஞாயிறு இரவு பத்து மணிக்கு மறுநாள் பாடத்துக்குத் தேடுகிறவருக்கு அந்த ஒரு பக்கம்தான் 15 ரிங்கிட் பெறும்.

2027இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டம் தொடங்குகிறது. ஆகவே ஆண்டு 1 தொகுப்புகளில் எந்தக் கலைத்திட்டத்துக்கானது என்று அட்டையிலேயே போடுங்கள், தர எண்களை எல்லாப் பக்கத்திலும் அச்சிடாமல் அட்டவணையில் மட்டும் வையுங்கள். எண் மாறினால் ஒரு பக்கம் திருத்தினால் முடிந்தது. எழுத்து வேறுபாடு, சொல்வளம், ஆத்திசூடி போன்றவை எந்தக் கலைத்திட்டம் வந்தாலும் நிற்கும். தேர்வு மாதிரித் தாள்களை நம்பித் தொழில் நடத்தாதீர்கள். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் நிறுத்திவிட்டார்கள், அதோடு அலமாரி அலமாரியாகத் தாள்கள் பயனற்றுப் போயின.

தயாரிப்பில் எங்கே அடிபடும் என்று சொல்கிறேன். முதலாவது எழுத்துரு. பழைய கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். வாங்கியவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, கொ, கோ, கௌ வரும் இடங்களையும் ஸ்ரீ, க்ஷ போன்றவற்றையும் கண்ணால் ஒவ்வொன்றாகப் பாருங்கள், மாற்றிகள் அங்கேதான் சறுக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், மீரா இனிமை ஆகியவை திறந்த உரிம எழுத்துருக்கள். ஆவணத்தில் பயன்படுத்தி விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு அலங்கார எழுத்துரு வேண்டாம். ழ, ள, ற ஆகியவற்றின் சுழி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற வடிவமைப்பு மென்பொருள் பயன்படுத்துவோர் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். படம் வரையும் ஏஐ செயலிகளிடம் தமிழ் எழுத்தோடு படம் கேட்காதீர்கள், எழுத்துகள் சிதைந்து வரலாம்.

எப்போதும் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். வேர்ட் கோப்பைக் கைபேசியில் திறந்தால் வரி உடைந்து, கோடிட்ட இடம் அடுத்த பக்கத்துக்கு ஓடும். பிடிஎஃப் செய்த பின் அதன் பண்புகளில் எழுத்துரு உட்பதிக்கப்பட்டதா என்று சரிபாருங்கள். தொகுப்பு 20 எம்பிக்குள் இருக்கட்டும். ஜிமெயில் 25 எம்பி வரைதான் ஏற்கும், தோட்டப்புறத்தில் பலர் முன்கட்டண டேட்டாவில் இருக்கிறார்கள். கோப்பின் பெயரில் எண்ணும் ஆங்கில எழுத்தும் மட்டும் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளைச் சிப் செய்தால் சில கணினிகளில் கேள்விக்குறிகளாக வரும்.

இரண்டாவது அச்சு. நீங்கள் திரையில் வண்ணமாகப் பார்ப்பதைப் பள்ளிக்கூடம் ரிசோ நகல் இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையில் அடிக்கும். சாம்பல் நிறப் பின்னணி திட்டுத் திட்டாக விழுந்து எழுத்தை மறைக்கும், வெளிர்மஞ்சள் கோடு காணாமலே போகும். கோடு குறைந்தது 1 புள்ளி தடிப்பு, நான்கு பக்கமும் 15 மில்லிமீட்டர் விளிம்பு, துளையிடும் இடப்பக்கம் 20 மில்லிமீட்டர் விடுங்கள். வண்ணப் படி ஒன்று, கறுப்பு வெள்ளைப் படி ஒன்று என்று இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் பெற்றோரின் அச்சுச் செலவும் குறையும்.

மூன்றாவது பிழை. எழுத்து வேறுபாட்டுத் தொகுப்பிலேயே "பள்ளிக்கூடத்திற்க்கு" என்று வந்தால் அந்த ஆசிரியர் திரும்ப வரமாட்டார், நான்கு பேரிடமும் சொல்வார். செய்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. வேறு இருவர் படிக்க வேண்டும், அதில் ஒருவர் தாளில் அச்சிட்டுப் படிக்க வேண்டும். விடைத்தாளை மட்டும் தனியாக ஒரு முறை, கேள்வியை உண்மையில் போட்டுப் பார்த்து ஒப்பிடுங்கள். கேள்வி வரிசையைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு விடையை மாற்ற மறப்பதுதான் அதிகம் நடக்கிற கோளாறு.

விலைக்கு வருவோம். கணக்கைப் பார்க்காமல் 3 ரிங்கிட், 5 ரிங்கிட் என்று போடுகிறார்கள். உள்ளூர் எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கிக் கட்டண) வாயில்கள் ஒரு விற்பனைக்கு ஒரு ரிங்கிட் அளவில் எடுத்தால், 5 ரிங்கிட்டில் அது 20 விழுக்காடு, 15 ரிங்கிட்டில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. மின்கோப்புகளை விற்க உதவும் வெளிநாட்டுத் தளமான கம்ரோட், நேரடி விற்பனைக்கு 10 விழுக்காடும் அதோடு 50 அமெரிக்க சென்ட்டும் எடுக்கும். 10 ரிங்கிட் தொகுப்பில் ஏறக்குறைய 3 ரிங்கிட்டோ அதற்கு மேலோ போய்விடும். அதே போன்ற பேஹிப் தளத்தின் இலவசத் திட்டத்தில் 5 விழுக்காடும், அதன் மேல் கட்டண வாயிலின் பங்கும். ஆகவே நம் நாட்டு வாங்குவோருக்கு டூயிட்நவ் கியூஆர், சிங்கப்பூர், பிரிட்டன், கனடாவில் இருப்போருக்கு இந்தத் தளங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டார்க்கு "ஆண்டு 2" என்றால் புரியாது, "வயது 7 - 8" என்றும் போடுங்கள்.

தனித் தொகுப்பு 12 முதல் 15 ரிங்கிட், ஐந்து சேர்ந்தது 49 என்று தொடங்கலாம். பள்ளி முழுமைக்கும் நகலெடுக்கும் உரிமம் 60 ரிங்கிட் என்று தனியாக வையுங்கள். ஒருவர் வாங்கி எல்லா ஆசிரியருக்கும் அனுப்புவதை முழுக்கத் தடுக்க முடியாது, ஆனால் நேர்மையாக வாங்க நினைக்கும் தலைமையாசிரியருக்கு ஒரு வழி வேண்டுமல்லவா. பக்க அடியில் வாங்கியவர் பெயரையோ மின்னஞ்சலையோ சிறிதாக அச்சிட்டு அனுப்பினால் பரவுவது ஓரளவு குறையும். கம்ரோட், பேஹிப் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. கடவுச்சொல் போடாதீர்கள். அச்சுக் கடையில் திறக்க முடியாமல் உங்களுக்குத்தான் இரவில் அழைப்பு வரும்.

எவ்வளவு வரும் என்று நேராகச் சொல்ல வேண்டும். நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். பள்ளிக்கு ஆண்டு 2 தமிழ் ஆசிரியர் ஒருவர் அல்லது இருவர். இருபதில் ஒருவர் வாங்கினால் 25 முதல் 50 விற்பனை, 15 ரிங்கிட் வீதம் 375 முதல் 750 ரிங்கிட், அதுவும் ஆண்டு முழுவதற்கும். ஒரு தொகுப்பை வைத்துச் சம்பளத்தை விட முடியாது. வாங்கிய அதே ஆசிரியருக்கு அடுத்தடுத்துக் கொடுக்க ஆறு, எட்டுத் தொகுப்பு சேரும்போதுதான் தொகை தெரியும். பெற்றோர் கூட்டம் இதைவிடப் பெரிது. குறிப்பாக, தேசியப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தவிக்கும் பெற்றோர். அவர்களுக்குக் கட்டளை வாக்கியங்கள் மலாயிலும் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருக்க வேண்டும். இவர்களைக் கவனித்துச் செய்கிறவர்கள் குறைவு. நீங்கள் பாலர் பள்ளியில் இருப்பதால் இந்தப் பக்கம் போவதே சரி என்பது என் கருத்து.

2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் சனவரியில் தொடங்குகிறது. அதனால் நவம்பர் கடைசிக்குள் தொகுப்பு தயாராக இருக்க வேண்டும், டிசம்பரில் மூன்று மாதிரிப் பக்கங்களை இலவசமாக விடுங்கள். மாதிரி, தொகுப்பிலேயே நல்ல பக்கமாக இருக்கட்டும். விற்பனைக் குறிப்பில் பக்க எண்ணிக்கை, வயது, கோப்பு வகை, விடை உண்டா, நகலெடுக்க எவ்வளவு அனுமதி என்பதோடு உங்கள் பெயர், பதிவு எண், தொடர்பு, விலை எல்லாம் தெளிவாக எழுதுங்கள்.

பணம் வந்ததா என்பதற்கு வாங்குபவர் அனுப்பும் ரசீதுப் படத்தை நம்பாதீர்கள். படத்தில் தொகையையும் தேதியையும் மாற்றுவது ஒரு நிமிட வேலை. உங்கள் வங்கிச் செயலியில் பணம் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கோப்பை அனுப்புங்கள். கூகள் டிரைவ் இணைப்பு கொடுத்தால் பார்க்க மட்டும் அனுமதி வையுங்கள். திருத்தும் அனுமதியோடு கோப்புறையைத் திறந்துவிட்டால் யாரோ ஒருவர் தெரியாமல் அழித்துவிட்டுப் போவார். பள்ளி ஆசிரியர்கள் கல்வி அமைச்சு தந்த டெலிமா கணக்கில் இதை வைக்க வேண்டாம், அது உங்கள் சொந்தக் கணக்கு இல்லை. பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாமல் வேறு இரண்டு இடத்தில் படி வையுங்கள்.

விற்பனை தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே முடித்துவிடலாம், அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பதிவு செய்த பின் வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பிஇ பாரத்துக்குப் பதில் தொழில் செய்வோரின் பி பாரம், கடைசி நாள் ஜூன் 30. வரி கட்டும் அளவுக்கு வருமானம் வராவிட்டாலும் விற்ற கணக்கு, எழுத்துருவுக்கும் படத்துக்கும் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

முதல் தொகுப்பை வெளியிடும் முன் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் நான்கு பக்கம் கொடுத்து, ரிசோவில் 30 படி எடுத்து வகுப்பில் நடத்தித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதிய தாள்களைத் திரும்ப வாங்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் சிறியதாகிப் போனது, எந்தக் கட்டளை புரியவில்லை, எந்தப் படத்தைப் பார்த்து வாளை அரிவாள் என்று எழுதினார்கள் என்று அந்த 30 தாளிலும் இருக்கும். அவற்றைத் திருத்திவிட்டு விலை போடுங்கள்.